விட்ட நாள் கணக்கு

குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகராக வேலைக்குச் சேருகிறவர் கையில் முதலில் கொடுப்பது ஒரு படிவம். கேஸ் ஷீட் என்பார்கள். பெயர், வயது, தொழில், யார் கூட்டி வந்தது, எந்த வயதில் முதல் குடி, இப்போது தினம் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, கடன், போலீஸ் கேஸ், பெண்டாட்டி பிள்ளைகள், இதற்கு முன் நிறுத்தியது உண்டா. பார்வைக்கு ஓர் அரசாங்க விண்ணப்பம்தான். ஆனால் இந்தத் தொழில் முழுக்க அதற்குள் இருக்கிறது. எதை முதலில் கேட்பது, எதை மனைவி எழுந்து போன பிறகு கேட்பது, எந்தப் பதிலை எழுதிக்கொண்டும் நம்பாமல் இருப்பது என்று கற்றுக்கொள்ள வருஷங்கள் பிடிக்கும்.

எங்கள் மையம் மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் இருக்கிறது. 15 படுக்கை. சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு வந்து சேர்ந்தேன். எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூத்த ஆலோசகர். லாரி ஓட்டியவர், குடித்து எல்லாவற்றையும் இழந்து, மீண்டு, அதன்பின் படித்து இந்த வேலைக்கு வந்தவர். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி. மற்றவர் வார்டு சிஸ்டர். அதிகம் பேசமாட்டார். உள்ளே வருகிறவரின் முகத்தை விட்டுவிட்டு விரல்களைத்தான் முதலில் பார்ப்பார்.

படிவத்தின் வரிசையை மறந்துவிடு என்பது சிஸ்டரின் முதல் பாடம். பெயர்கூட அப்புறம்தான். "கடைசியா எப்ப குடிச்சீங்க? எத்தன மணிக்கு?" நேற்று என்று சொன்னால் விடமாட்டார். மத்தியானமா, ராத்திரியா? ராத்திரி என்றால் கடை சாத்துவதற்கு முன்னாலா, பின்னாலா? ஏனென்றால் அந்த மணியிலிருந்துதான் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் பயங்கரம். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. சுவரில் பூச்சி ஓடும், கட்டிலுக்கடியில் பாம்பு கிடக்கும், நாடித்துடிப்பு எகிறும். சாராயம் மூளையை மந்தமாக்குகிறது. அதற்கு ஈடுகொடுத்து நரம்புகள் எப்போதும் வேகமாக ஓடிப் பழகிவிடுகின்றன. சாராயம் நின்றதும் அந்த வேகத்துக்குத் தடை இல்லாமல் போகிறது. மருந்து இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாகப் பழைய மருத்துவப் பதிவுகள் சொல்கின்றன. ஹெராயினை நிறுத்தியவர் படும் அவஸ்தை பார்க்கச் சகிக்காது, ஆனால் அதனால் ஆள் சாவது அரிது. சாராயத்தை ஒரேயடியாக நிறுத்தினால் சாகலாம். கடை போட்டு விற்கும் பொருளுக்குத்தான் இந்தக் குணம் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

டெலிரியத்தில் கிடப்பவர் தன் தொழிலைச் செய்வார். டெய்லர் என்றால் போர்வையைத் துணியாக இழுத்துவிட்டுக் காலால் மிஷின் மிதிப்பார். டிரைவர் கியர் போடுவார். பரோட்டா மாஸ்டர் ஒருவர் விடிய விடிய மாவு வீசினார், பக்கத்துக் கட்டில்காரரிடம் "எத்தன செட்டுண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதற்குப் பழைய மருத்துவப் புத்தகங்களில் தனிப் பெயரே உண்டு. அப்படிக் கிடப்பவர் கையைப் பார்த்தே என்ன வேலை செய்பவர் என்று படிவத்தில் நிரப்பிவிடலாம் என்பார் சிஸ்டர்.

அந்த நிலைக்கு ஆளைப் போகவிடாமல் தடுப்பதுதான் முதல் வாரத்து வேலை. சிஸ்டர் கைகளை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்கூட வந்தவரின் விரல்நுனியில் நம் விரல்நுனியை வைத்தால் தெரியும். நடுக்கம், வியர்வை, குமட்டல், தோலில் ஊறுவதுபோல் இருக்கிறதா, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா என்று 10 அடையாளங்களுக்கு மதிப்பெண் போடும் அட்டவணை ஒன்று உலகெங்கும் இருக்கிறது. முழு மதிப்பெண் 67. இந்தத் தேர்வில் மார்க் கூடக்கூட ஆபத்து. அதைப் பார்த்து டாக்டர் லிப்ரியமோ டயஸிபாமோ எழுதுவார். கல்லீரல் கெட்டவருக்கு லோராஸிபாம். பிறகு நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவார்.

குடும்பத்தாரோடு வரும் முதல் சண்டை குளுக்கோஸுக்காக. "ஆளு ரொம்ப டவுனா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்." தெருமுனை கிளினிக்கில் அதைத்தான் செய்திருப்பார்கள். நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வறண்டு கிடக்கும். சர்க்கரையை எரிக்க அந்த வைட்டமின் வேண்டும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, மூளை சேதமாகலாம். கண் நிலைகுத்தாமல் அலையும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். பார்க்கிறவர்கள் இன்னும் போதை இறங்கவில்லை என்பார்கள். உரிய நேரத்தில் தயமின் ஊசி போடாவிட்டால் புது ஞாபகம் எதுவுமே தங்காத நிலையில் ஆள் நின்றுவிடுவார். ஒரு சாதாரண வைட்டமின் ஊசி, அது முதலில் போகவேண்டும், அவ்வளவுதான். இதை மருந்துக்கடை வாசலில் எழுதி ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றும்.

எவ்வளவு குடிப்பீர்கள் என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். "லைட்டாத்தான் மேடம்." "சம்பள நாள்ல மட்டும்." குவார்ட்டரில் கேள் என்றார் அண்ணன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதச் சாராயம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 10 கிராமை ஓர் அளவாக வைத்தால் 6 அளவு. கட்டிங் அதில் பாதி. "பீர்தான் மேடம், அதெல்லாம் குடியா" என்பவருக்கு 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் 4 அளவு இருக்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். இதைவிட முக்கியம் காலைக் குடி. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. 6 மணிக்கே கை நடுங்குகிறவர் என்ன செய்கிறார்? ராத்திரியே ஒரு கட்டிங் மிச்சம் பிடித்து பீரோவுக்குப் பின்னால் வைத்திருப்பார், இல்லையென்றால் பிளாக்கில் கூடக் காசு கொடுத்து வாங்குவார். அந்தப் பதில் வந்துவிட்டால் சிஸ்டருக்கு மருந்தளவு பாதி தெரிந்துவிடும்.

இவ்வளவும் அடிப்படை. அண்ணன் எனக்குக் கொடுத்தது வேறொன்று. படிவத்தின் கடைசிப் பக்கத்தில், "இதற்கு முன் நிறுத்திய காலம்" என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. பெரும்பாலான மையங்களில் அதில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். ஆளும் அப்படித்தான் சொல்வார்: "எங்க மேடம் விட்டேன்? இருபது வருஷமா ஒருநாள் விட்டதில்ல." மனைவியும் தலையாட்டுவார். அண்ணன் அந்தக் கட்டத்துக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பார். குடித்த கதையை ஊரே சொல்லும், விட்ட நாளை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள், நாமதான் எண்ணணும் தங்கச்சி என்பார்.

சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரிடம் அவர் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மஞ்சக்காமாலை வந்துச்சா?"

"வந்துச்சு. அப்ப ஒரு நாலு மாசம் தொடல."

"வெளிநாடு போனீங்களா?"

"சவூதில ரெண்டு வருஷம். அங்க ஏது? திருச்சி ஏர்போர்ட்ல எறங்குன அன்னைக்கு ராத்திரிதான்."

"மாலை போட்டிருக்கீங்களா?"

"ஏழு வருஷம் மலைக்குப் போயிருக்கேன்."

"கொரோனாவுல கடையை மூடுனப்ப?"

2020 மார்ச் கடைசியில் மூடிய கடைகள் மே 7-ம் தேதிதான் திறந்தன. "அப்ப மொத நாலு நாளு செத்துப் பொழச்சேன். அப்புறம் பழகிருச்சு." அண்ணன் படிவத்தின் பின்பக்கத்தில் கூட்டிப் போட்டார். ஒருநாளும் விட்டதில்லை என்று சொன்ன மனிதர் மூன்றேகால் வருஷத்துக்கு மேல் குடிக்காமல் இருந்திருக்கிறார். மனைவி அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

சபரிமலைக்கு ஏழு மாலை என்றால் ஏழு மண்டலம். எங்கள் பக்கத்தில் ஒரு குடிகாரர் மருந்தில்லாமல், டாக்டர் இல்லாமல், 48 நாள் தொடாமல் இருப்பது வருஷா வருஷம் நடக்கிறது. இதைப் பக்தி என்று ஒதுக்கிவிட்டால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லாமல் போகும். அண்ணன் அதைப் பிரித்துப் பிரித்துக் கேட்பார். அப்போது எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? நாலு மணிக்கு. பச்சைத் தண்ணீரில் குளியல். சாப்பாடு? வீட்டில்தான். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை எங்கே? பஜனை மடத்தில். வேலை முடிந்து கூலி கையில் வந்து, கூட்டாளிகள் கூப்பிடும் அந்த இரண்டு மணி நேரம் பஜனையில் போயிருக்கிறது. எல்லோரும் எப்படிக் கூப்பிட்டார்கள்? சாமி என்று. மற்ற மாதங்களில் அதே தெருவில் அவருக்கு என்ன பேர் என்று நான் எழுதவேண்டியதில்லை.

இதைக் கேட்டுவிட்டு அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லாட்டைப் படித்தபோது புத்தகம் சட்டென்று புரிந்தது. திரும்பக் குடிக்கத் தொடங்கியவர்களை விசாரித்து, எந்த நேரம், எந்த மனநிலை, யாரோடு என்று வகைபிரித்தவர் அவர். 1985-ல் வந்த அவருடைய புத்தகம்தான் மீள்குடித் தடுப்புக்கு இன்றும் அடிப்படை. மனக்கசப்பு, சண்டை, கூட்டாளிகளின் வற்புறுத்தல், இந்த மூன்றில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள் என்று காட்டினார். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் அந்தச் சாயங்காலத்தைத்தான் நிரப்புகின்றன. அண்ணன் இன்றும் வாரத்தில் இரண்டு கூட்டத்துக்குப் போகிறார். இன்னைக்கு ஒருநாள் மட்டும் குடிக்கமாட்டேன் என்பது அங்கே உள்ள பேச்சு. மாலை போட்டவருக்கு 48 நாள்; இவர்களுக்கு ஒருநாள்; மறுநாள் இன்னொரு நாள்.

மாலையில் ஆபத்தும் இருக்கிறது. கார்த்திகை முதல் தேதி காலையில் மாலை போட்டுச் சட்டென்று நிறுத்தியவருக்கு மூன்றாம் நாள் டெலிரியம் வந்தால் வீட்டில் சாமி வந்துவிட்டது என்றோ, விரதம் தப்பிவிட்டது என்றோதான் சொல்வார்கள். திருநீறு பூசிப் படுக்கவைத்த இடத்திலேயே உயிர் போகலாம். அதனால் ஐப்பசியிலேயே தெரிந்த குருசாமிகளிடம் சொல்லிவைப்பதை சிஸ்டர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்: தினம் குடிக்கிறவன் மாலை கேட்டு வந்தால் முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள், உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு போடட்டும்.

கேட்பதில் இன்னொரு வித்தையும் அண்ணனிடம் உண்டு. வில்லியம் மில்லர் 1983-ல் எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த முறை அது. குடியை விடச் சொல்லி வாதாடினால் குடிக்கிறவர் குடியின் பக்கம் நின்று வாதாடுவார். தன் வாயால் சொன்னதை அவரே நம்பவும் தொடங்கிவிடுவார். ஆகவே வாதத்தை நாம் எடுக்கக் கூடாது. அண்ணன் செய்யும்போது அது டீக்கடைப் பேச்சாகத்தான் கேட்கும்.

"குடியை விடணும்னு பத்துக்கு எத்தன இருக்கு?"

"ஒரு மூணு இருக்கும்."

"ஏன், ஒண்ணுன்னு சொல்லல?"

இங்கே ஆள் திகைப்பார். ஏன் பத்து இல்லை என்று கேட்டிருந்தால் குடிக்க வேண்டிய காரணங்களை அடுக்கியிருப்பார். ஏன் ஒன்று இல்லை என்றதும் விடவேண்டிய காரணத்தைத் தானே தேடவேண்டியிருக்கிறது. "மக பெரிய மனுஷியாயிட்டா. சடங்கு வைக்கணும். மச்சான்மார் முன்னாடி நிக்கணும்." அண்ணன் அதையே மெதுவாகத் திருப்பிச் சொல்வார்: "மச்சான்மார் முன்னாடி நிமிந்து நிக்கணும்." அவ்வளவுதான். பிறகு சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருத்தல்தான் கற்க மிகக் கடினம். நம் ஊரில் வயதில் மூத்தவர் முன்னால் சும்மா இருந்தால் மரியாதை, குடிகாரர் முன்னால் சும்மா இருந்தால் கையாலாகாத்தனம் என்றுதான் வளர்க்கப்பட்டிருக்கிறோம். புத்தி சொல்லத்தான் நாக்கு துறுதுறுக்கும்.

குடும்பத்தார் தனியாக வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்க ஒரு மருந்து. சுவரெங்கும் விளம்பரம் பார்த்திருக்கிறார்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. டென்மார்க்கில் யென்ஸ் ஹால்டும் எரிக் யாகப்சனும் குடற்புழுவுக்கு மருந்து தேடியபோது மாத்திரையைத் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். மது அருந்தியதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துப்போனது. 1948-ல் அதைக் குடிநோய்க்கான மருந்தாக அறிவித்தார்கள். சாராயம் உடைந்து வரும் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சை உடம்பு கழிக்கவிடாமல் அது தடுக்கிறது. தெரிந்து போட்டுக்கொள்பவருக்கு அது காவல். கடைக்கு முன்னால் நிற்கும்போது "மாத்திரை போட்டிருக்கோம், குடிச்சா செத்தோம்" என்ற நினைப்பு திருப்பி அனுப்பும். தெரியாமல் கலந்தால் அவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் அடிப்பார். ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நிற்கலாம். மாத்திரையை விட்டபிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் உண்டு. அவற்றுக்குச் சுவர் விளம்பரம் இல்லை.

வேன் அனுப்பி ராத்திரியோடு ராத்திரியாக ஆளைத் தூக்கிப்போய்ப் பூட்டி வைக்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கே இருந்து எங்களிடம் வருகிறவர்களின் முதுகைப் பார்த்தால் தெரியும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. சங்கிலி போடுவதைத் தடைசெய்கிறது. அடிவாங்கி நிறுத்தியவர் வெளியே வந்து குடிப்பது குடிக்காக மட்டும் இல்லை, பழிவாங்கவும்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கொஞ்ச காலமாகச் சின்னப் பையன்கள் வருகிறார்கள். குடி இல்லை, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவர்கள். இவர்களிடம் விட்ட நாள் கணக்கை வேறு காரணத்துக்காகக் கேட்க வேண்டும். ஒரு மாதம் தொடாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அதனால் அவர்களை அனுப்பும் முன் அம்மாவையும் உட்காரவைத்து இதை வெளிப்படையாகச் சொல்கிறோம். சிலருக்கு நாக்கின் கீழ் வைக்கும் புப்ரெநார்ஃபின் மாத்திரையை டாக்டர் மாதக்கணக்கில் தொடருவார். போதைக்குப் பதில் போதையா என்று கேட்கும் அப்பாக்களிடம், பையன் உயிரோடு வேலைக்குப் போகிறானா என்று மட்டும் பாருங்கள் என்பார்.

டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சைக்குப் போயிருக்கிறார். படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180-ல் ஒருவர். அப்படிப் பார்த்தால் எங்கள் 15 படுக்கையில் கிடப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்களிலும் பலர் திரும்பக் குடித்துவிட்டு வருவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்கள் மருந்தையும் பத்தியத்தையும் விட்டுவிட்டு வருவதுபோலத்தான் இதுவும் என்று மெக்லல்லனும் சகாக்களும் 2000-ம் ஆண்டிலேயே எழுதினார்கள். சர்க்கரை ஏறி வந்தவரை யாரும் வாசலில் நிறுத்தித் திட்டுவதில்லை. ஏன் குடித்தாய் என்று அண்ணன் ஒருபோதும் கேட்டதில்லை. "எத்தன நாள் இருந்தீங்க?" என்பார். அந்தக் கட்டத்தில் புது எண் ஏறும். போன தடவை 40, இந்தத் தடவை 110 என்றால் அந்த 110-ல் என்ன செய்தார் என்று மறுபடி ஒரு மணி நேரம் பேச்சு நடக்கும்.

தை மாதம் எங்கள் படுக்கைகள் நிரம்பிவிடும். மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பும் வேனிலேயே பாதிப்பேர் தொடங்கிவிடுவார்கள். அதனால் மார்கழிக் கடைசியில் மாலை போட்ட பழைய ஆட்களையெல்லாம் போனில் கூப்பிட்டு வரச்சொல்கிறோம். மாலையை எங்கே கழற்றுவீர்கள், அன்று சாயங்காலம் யாரோடு இருப்பீர்கள், கூலி யார் கையில் போகும். மூன்று கேள்வி, மூன்று பதில், எழுதிக் கையெழுத்து.

அந்தச் சுமை தூக்கும் தொழிலாளி இதற்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். ஐயப்பன் மாலையைக் கழற்றிய மறுநாளே பழனிக்கு நடைப்பயணம் போக முருகன் மாலை போட்டுக்கொண்டார். தைப்பூசம் முடிந்ததும் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம். டாக்டர் சிரித்தார், ஆனால் கல்லீரல் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, தாராளமாகச் செய்யட்டும் என்றார். உத்திரம் முடிந்த வாரம் மனைவியோடு வந்து உட்கார்ந்தார்.

"அடுத்தது சித்திரைத் திருவிழா. ஊரே மெதக்கும். என்ன பண்ணப் போறீங்க?" என்றார் அண்ணன்.

"அதுக்குத்தாண்ணே வந்தேன். அழகருக்குத் தண்ணி பீய்ச்சலாமான்னு இருக்கேன். அதுக்கும் வெரதம் உண்டு. தோப்பறைத் தோல்பை மட்டும் ஆயிரக்கணக்குல சொல்றான்."

"அத ரெண்டு குவார்ட்டர் வெலையில வகுத்துப் பாருங்க" என்றார் மனைவி.

நான் படிவத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. தனித்தாள் ஒன்றைப் பின் அடித்துக்கொண்டேன்.